அவுங்க ஊட்ல இல்லீங்க

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஓய்வு முழுவதையும் நான் வேலையில்தான் அனுபவித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மெயில் வந்தால் கூட்ஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். பாசஞ்சர் வந்தாலும் அப்படியே. பெரிய அதிகாரி ஒருவர் தம் நாயோடு தனிப்பெட்டியில் போனால் அந்த நாய்க்கும் வழி விட வேண்டும். எந்த ஊரும் இல்லாத இடத்தில், பக்கத்துத் தண்டவாளத்தில், நாற்பது பெட்டிகளோடு நாலு மணி நேரம் நிற்போம். கடைசிப் பெட்டிதான் கார்டின் பெட்டி. அதில் ஒரு பலகை, ஒரு விளக்கு, இரண்டு கொடிகள், நான்.

அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் நான் படித்தேன். பழைய இலக்கியம், புது நாவல், ருஷ்யாக்காரர்கள், வங்காளிகள், அச்சுப் பிழைகளுக்கு நடுவே கதையைத் தேடிப் பிடிக்க வேண்டிய மலிவுப் பதிப்புகள், எதையும் விட்டதில்லை. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே நான் முடித்த புத்தகங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். "இவ்வளவு வேலையிலும் படிக்க எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?" என்று சிலர் வியந்து கேட்டதுண்டு. நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன். படிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை என்பதைச் சொல்லிக்கொள்வதில்லை. நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது ஒரு மனுஷிக்கு.

நாமக்கல் பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. அண்ணன்மார் அதைப் பார்த்துக்கொண்டார்கள். நான் இங்கிலீஷ் படித்துவிட்டபடியால் மண்வெட்டி பிடிக்க லாயக்கில்லாதவன் ஆனேன். ரயில்வே உத்தியோகம் கிடைத்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்தார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் சூரமங்கலத்தில் ரயில்வே லைன் வீடு ஒன்றும் கிடைத்தது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் இருபது வீடுகள் ஒரு வரிசை. அதற்கு லைன் என்று பெயர்.

கார்டு வேலைக்கு மணி கிடையாது. ஒரு நடை போய் வந்ததும் சில மணி நேரம் ஓய்வு. அது கழிந்த பிறகு எந்த வண்டிக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிட ஓர் ஆள் உண்டு. கெங்கவல்லிப் பக்கத்துக் குடியானவர், ஐம்பது வயதுக்கு மேல். ரயில்வே சைக்கிளில், கையில் ஒரு நீளமான அழைப்புப் புத்தகத்தோடு வருவார். வண்டி எண், நேரம், நம் பெயர் எல்லாம் அதில் எழுதியிருக்கும். பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த நிமிஷம் முதல் நாம் கம்பெனியின் சொத்து. லைனில் அந்தப் புத்தகத்துக்குப் 'புக்கு' என்று பெயர், அவருக்குப் புக்குக்காரர் என்று பெயர்.

ஆள் வீட்டில் இல்லையென்றால் என்ன செய்வது? 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். எப்போதாவது ஒருமுறை இல்லாமல் போனால் குற்றமில்லை. அடிக்கடி இல்லாமல் போனால்தான் விளக்கம் கேட்டுக் காகிதம் வரும். இந்த ஏற்பாட்டின் ஈவு இரக்கம் முழுவதும் புக்குக்காரரின் சைக்கிள் மணியில் இருந்தது. லைனின் முனையில் வேப்பமரத்தடியில் இறங்கி, மணியை நன்றாக, நாலைந்து தடவை அடிப்பார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். அவர் நடந்து வருவதற்குள், அன்றைக்கு வேலைக்குப் போக விரும்பாதவர்கள் வீட்டில் இல்லாமல் போய்விடலாம். கட்டிலுக்கு அடியில், பக்கத்து வீட்டு அடுப்படியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த இடம் இருந்தது. மகளின் பிறந்தநாள், மச்சினன் வருகை, சும்மா ஒரு சோம்பல் என்று காரணங்களும் இருந்தன. புக்குக்காரர் எல்லாவற்றையும் அறிந்தவர். யாரையும் தேடியதில்லை.

அந்த மணி அடித்தால் ஓடாத ஒரே கார்டு நான். ஓடாதது மட்டுமில்லை. மணிச் சத்தம் கேட்டதும் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிடுவேன்.

இதற்கு நான் கடமையுணர்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன். நல்ல பெயர்தான். உள்ளே இருந்த சரக்கு வேறு. வீட்டில் நான் யார்? அரிசி தீர்ந்ததைக் கவனிக்காத ஒருத்தன். வண்டியில்? என் அப்பா வயதுள்ள டிரைவர், புகையும் கரியுமாக ஒரு யானையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கடைசிப் பெட்டியில் என் பச்சைக் கொடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதை அசைக்காமல் அரை நிமிஷம் தாமதிப்பதில் ஒரு சுகம் உண்டு. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் என் பாதி ஆயுள் போயிற்று.

என் மனைவி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத்துக்குத் தேர். அந்தப் பக்கத்தில் தேர் நோம்பி என்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் புருஷனோடு வந்து சேருவார்கள். இரண்டு பேரும் வடத்தில் கை வைக்க வேண்டும். அது அவ்வளவு பெரிய சடங்கும் அல்ல. ஆனால் தனியாக வந்து நிற்கிற பெண்ணை, "எங்கம்முணி உன்ற ஊட்டுக்காரரு?" என்று ஊரே கேட்கும்.

முதல் வருஷம் விடுப்புக்கு எழுதிப் போட்டேன். வைகாசிக்குக் கேட்ட விடுப்பை ஆடியில் மறுத்தார்கள். இரண்டாம் வருஷம் புக்கு வந்தது. மூன்றாம் வருஷம் அவள் பிள்ளைத்தாய்ச்சி. நாலாம் வருஷம் மறுபடியும் புக்கு. மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கடலைக்காயை உரித்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எருதக்கூட மத்தியானத்துல அவுத்து நெழல்ல கட்டுவோம் மாப்ளெ. உங்கள எப்பத்தான் அவுத்துவுடுவாங்க?"

"ரயில்வேயில அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"அட, நுகத்தடிய யாரு மாட்டுனாங்கன்னாச்சும் தெரியுமுங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னாள்.

"மலமேல இருக்கற சாமியே நோம்பிக்கு எறங்கி ஊருக்குள்ள வருதுங்கப்பா. இவுங்களுக்கு அந்த வண்டிய உட்டு எறங்கறதுதான் கஷ்டமுங்க."

திருச்செங்கோட்டுச் சாமி பாதி உடம்பை மனைவிக்குக் கொடுத்தவர். அவருக்கு உத்தியோகம் இல்லாததால் அது முடிந்தது என்று நான் ஒரு வேடிக்கை சொன்னேன். அந்த வேடிக்கையை ஸ்டேஷனில் நாலு பேரிடம் மறுபடி சொல்லி நாலு பேரையும் சிரிக்க வைத்தேன். வீட்டில் அது எடுபடவில்லை.

ஐந்தாம் வருஷம் அவள் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள். தேரன்று காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் புறப்படுவது. நடுவில் மணி அடித்தால் நான் பின்புறம் தென்னங்கீற்று வைத்து மறைத்திருந்த குளிக்கிற இடத்துக்குள் போய் நின்றுகொள்வது. புக்குக்காரரிடம் அவளே பேசுவாள். எனக்கு ஒரே ஒரு வேலைதான்: அங்கே நிற்பது. புளிச்சோறு கட்டி வைத்தாள். ஒன்றரை வயதுப் பையனுக்குப் புதுச் சட்டை போட்டாள். கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டில், இன்ஜினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேனின் மனைவி வாசலில் நின்று, "அட, இன்னைக்கித்தான் ஜோடியா பொறப்படறீங்க போல!" என்று கேலி பண்ணினாள். என் மனைவி வெட்கப்பட்டதைப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு வெட்கப்பட வருகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏழு மணிக்கு மணி அடித்தது. சொன்னபடி கீற்றுத் தடுப்புக்குள் போய் நின்றேன். ஈரத் தரை, பாசி, கொடியில் ஒரு துண்டு. வாசலில் நடந்த பேச்சு முழுவதும் கேட்டது.

"அம்மா, கார்டு ஐயா இருக்காருங்களா?"

"அவுங்க ஊட்ல இல்லீங்க."

"எங்க போயிருக்காருங்க?"

"சந்தைக்குப் போயிருக்கறாங்க."

"சந்த செவ்வாக்கெழமைங்களே அம்மா. இன்னைக்கி வெள்ளி."

வளையல்களை உருட்டும் சத்தம் கேட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பிறகு சொன்னாள்: "இது வேற சந்தைங்க."

புக்குக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு, குத்தல் இல்லாதது. "சரிங்கம்மா, சரிங்கம்மா. கல்யாணப் பொடவையக் கட்டிக்கிட்டுச் சொல்றீங்க, நம்பாம இருக்க முடியுங்களா? 'இல்லை'ன்னு எழுதிக்கிறேன். அடுத்த பேரு இருக்குது. யாரு போனா என்னங்கம்மா, பச்சக் கொடிய ஆட்டுனா வண்டி போவப்போவுது. நோம்பிக்கு நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அவர் சைக்கிளைத் திருப்பும் சத்தம் கேட்டது. காரியம் முடிந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் இருபது எண்ணும் வரை பாசியில் நிற்பதுதான்.

யாரு போனா என்ன. அந்த மூன்று சொற்கள் என்னை என்ன செய்தன என்பதை இத்தனை வருஷம் கழித்தும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக்கார அதிகாரி முகத்துக்கு நேரே திட்டியபோதுகூட அப்படிச் சுருக்கென்று இருந்ததில்லை. நான் இல்லாமல் வண்டி போகும். அடுத்த பெயருக்கு உரிய ஆள் கொடியை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாதவன். அவன் ஆட்டினாலும் டிரைவர் அதே யானையை அதே மாதிரிக் கிளப்புவார். நான் தொண்டையைக் கனைத்தேன். தடுப்பை விலக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தேன்.

"இருக்கேன்" என்றேன். "சந்தையிலிருந்து இப்பத்தான் வந்தேன்."

பின்கட்டில் சந்தை எதுவும் கூடுவதில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். ஃபயர்மேன் மனைவியையும் சேர்த்தால் நாலு பேர். அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். புக்குக்காரர் என்னைப் பார்த்தார். முதலாளி வீட்டுக் காளை தானே வந்து நுகத்துக்குக் கீழே கழுத்தை நீட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் மனைவியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டே, அதற்குள் பேசுகிறவர்போலச் சொன்னார்:

"அம்மா பக்கத்து ஊட்டு ஐயாவச் சொல்லியிருக்காங்க. எனக்குக் காது மந்தங்க. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்த நிமிஷத்தில் என் மனைவியின் மானத்தைப் பற்றி யோசித்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே ஒரு கோடும் இழுத்தேன். அது என் வழக்கம்.

பஸ்ஸுக்குக் கட்டிய புளிச்சோற்றை அவள் என் தகரப் பெட்டியில் வைத்தாள்.

அன்றைக்கு என் வண்டியில் போனது காலிச் சாக்கு. முப்பது பெட்டி காலிச் சாக்கும் கொஞ்சம் உப்பும். சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒதுக்கித் தள்ளினார்கள். ஏழு மணி நேரம் நின்றோம். என் பெட்டியின் பின்வாசலில் உட்கார்ந்தால் வெயிலில் திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. இறங்கி நடந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் தேரடிக்குப் போயிருப்பேன். நான் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு நாவல் படித்தேன். கணவன் கவனிக்காத ஒரு பெண்ணைப் பற்றிய கதை. கண் கலங்கியது என்பதையும் எழுதி வைக்கிறேன். கதைக்காகத்தான் கலங்கியது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அவள் நோம்பிக்குப் போய் வந்திருந்தாள். ஃபயர்மேன் மனைவி, "நீ பொடவயக் கழட்டாத அக்கா, நான் வாரேன்" என்று சொல்லித் துணைக்குப் புறப்பட்டாளாம். எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் பாதி சாப்பிட்ட பிறகு, சண்டைக் குரல் கொஞ்சமும் இல்லாமல் கேட்டாள்:

"ஏனுங்க, அந்தாளு சைக்கிள் ஏறிப் போனதுக்கப்பறம் நீங்களா டேசனுக்குப் போயிருக்கலாமுங்களே. நான் மட்டுந்தான வெசனப்பட்டிருப்பேன். அவரு முன்னால எதுக்குங்க வந்து நின்னீங்க?"

கடமை, அவசரம், அடுத்த ஆளுக்குக் காய்ச்சல் என்று ஏதோ சொன்னேன். அவள் மோர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மணி அடித்தால், நான் எழுந்திருப்பதற்குள் என் பெட்டியும் விளக்கும் கொடிகளும் வாசலில் இருக்கும். சோற்றுப் பொட்டலமும் இருக்கும். என் உத்தியோகத்துக்கு அவள் ஒத்துழைத்ததுபோல மேலதிகாரிகள்கூட ஒத்துழைத்ததில்லை. லைனில் மற்ற கார்டுகள் பொறாமைப்பட்டார்கள். நானும் இல்லறம் சீர்பட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு பத்துப் பதினோரு வருஷம் ஓடினேன். தேர் நோம்பிக்கு வருஷாவருஷம் அவள் ஃபயர்மேன் மனைவியோடு போய் வந்தாள். நான் வரவில்லையா என்று கேட்பது நின்றுவிட்டது. அவள் கேட்பது மட்டுமல்ல, அவள் ஊர்க்காரர்கள் கேட்பதும்.

யுத்த காலத்தில் கண் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் தொங்கிய எழுத்துகளில் மேல் வரி இரண்டைப் படித்தேன். மூன்றாவது வரியை யூகித்தேன். இலக்கியத்தில் யூகத்துக்கு இடமுண்டு, ரயில்வேயில் இல்லை. ஆடுகிற பெட்டியில் மங்கிய விளக்கில் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்று டாக்டர் எழுதினார். கொடிகளை வாங்கிக்கொண்டார்கள். கூட்ஸ் ஷெட்டில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அடுத்த பெயருக்கு உரிய ஆள் என் வண்டியில் ஏறிக் கொடியை ஆட்டினான். வண்டி போயிற்று.

ஆரம்பத்தில் இரண்டு நாள் துக்கமாக இருந்தது. மூன்றாம் நாள், இனிமேல்தான் வாழப்போகிறேன் என்று தோன்றியது. ஐந்து மணிக்குப் பிறகு முழுவதும் என்னுடையது! ரயில்வேயில் பழகியவன் என்பதால் ஒரு கால அட்டவணை போட்டேன். ஐந்து பத்துக்கு வீடு. ஐந்தேகால் முதல் ஆறரை வரை மனைவியோடு பேசுவது. அதற்குப் பிறகு பையனின் படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டு அடிவாரம் வரை எல்லோருமாக ஒரு நடை. இதை நல்ல காகிதத்தில் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை என்பது ஒன்றுதான் இதில் எனக்கு மிச்சமான புத்திசாலித்தனம்.

முதல் நாள் ஐந்து பத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே ஆறு பெண்கள். நடுவில் புளி குவித்திருந்தது. ஐந்து பேர் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வகுப்பு படித்தவள். ஆனால் அப்படிப் படிப்பதை நான் எங்கும் கேட்டதில்லை. மாமியார் பேசினால் மாமியார் குரல், வக்கீல் பேசினால் வக்கீல் குரல். என்னைப் பார்த்ததும் கதை பாதி வாக்கியத்தில் நின்றது. ஐந்து பேரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். "வாரமுங்க்கா" என்று ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே போய்விட்டார்கள். புளி மட்டும் இருந்தது.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஐந்தேகால் ஆகியிருந்தது.

"ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன எதுக்குங்க இங்க உக்காந்திருக்கறீங்க?"

"சும்மாத்தான். பேசலாம்னு."

அவள் கொஞ்சம் பயந்துபோனாள் என்றுதான் நினைக்கிறேன். "ஏதாச்சும் காயிதம் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு இருவரும் புளிக்கொட்டை எடுத்தோம். பேசுவதற்கு என்று உட்கார்ந்தால் பேச்சு வராது என்பதை நாற்பத்தைந்து வயதில் கண்டுபிடித்தேன். அரிசி ரேஷனைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் ஆமாங்க என்றாள்.

பிறகுதான் சிறிது சிறிதாகத் தெரிந்தது. அந்தத் தேர் நாளில் இரண்டு பேராகத் தொடங்கிய கூட்டம் அது. லைனில் மற்ற வீடுகளில் மாமியார் இருப்பாள், அல்லது புருஷன் வேலை முடிந்து வந்து தூங்குவான். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று நம்பி வரக்கூடிய ஒரே வீடு எங்களுடையதாக இருந்திருக்கிறது. மூன்று மணிக்குமேல் குழாயில் தண்ணீர் வரும், அது நாலரைக்குத்தான் ஓயும். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடையாது. ஆகவே ஐந்திலிருந்து பொழுது சாயும் வரைதான் அவர்களுக்கு ஒரு நாளில் கிடைத்த நேரம். அந்த நேரத்தைத்தான் நான் நல்ல காகிதத்தில் எனக்கென்று எழுதியிருந்தேன்.

ஆறு பேர் நாலானார்கள். நாலு பேர் இரண்டானார்கள். பிறகு ஃபயர்மேன் மனைவி மட்டும் வாசல் வரை வந்து, என் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பத்திரிகைகள் பிரிக்காமல் சேர்ந்தன. "நீ படி, நான் கேக்கறேன்" என்றேன் ஒரு நாள். அவள் படித்தாள். மாமியாரும் வக்கீலும் ஒரே குரலில் பேசினார்கள்.

அந்த வைகாசியில் தேர் நோம்பிக்கு நானும் வருவதாகச் சொன்னேன். பழைய கடனை அடைத்துவிடுகிற பெருமிதத்தோடு சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்களுமுங்களா? வாங்க." பிறகு, "தம்பி சங்ககிரிக்கு வண்டி அனுப்பறானுங்க. நாங்க அஞ்சு பேரு ஏற்கெனவே பேசி வெச்சிருக்கறோம்" என்றாள்.

சங்ககிரி வரை ரயில். அங்கிருந்து அவள் தம்பியின் மாட்டு வண்டி. ஐந்து பெண்கள் ஏறினார்கள். நானும் ஏறினேன். மூங்கில் கூண்டுக்குள் ஐந்து பேரும் மூட்டைபோல ஒடுங்கி, பேசாமல், வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டிக்காரரும் பாடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கால் மைல் போயிருக்கும். கால் மரத்துவிட்டது என்று சொல்லி இறங்கிப் பின்னால் நடந்தேன். இருபது அடி பின்தங்கியதும் உள்ளே பேச்சு ஆரம்பித்தது. ஐம்பது அடி பின்தங்கியதும் சிரிப்பு. நான் எட்டி நடந்து நெருங்கினால் அடங்கும், பின்தங்கினால் கிளம்பும். இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். ஊர் போய்ச் சேரும் வரை அந்த ஐம்பது அடியை விட்டுக்கொடுத்தே நடந்தேன். இத்தனை வருஷம் ஒரு வண்டியின் கடைசியில் போய்ப் பழகியவனுக்கு அது கஷ்டமாக இருக்கக் கூடாது.

வடத்தில் கை வைத்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாமனார் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. ஊரில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "சாமி யாரூட்டுக்கு வந்திருக்கறீங்க?" என்று கேட்டார். மாமனார் பெயரைச் சொன்னேன். "அட, அந்த அம்முணிக்குப் புருசன் இருக்கறாருங்களா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவள் வருஷாவருஷம் வருவதைப் பார்த்திருக்கிறார், என்னைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து ஒரு வாரம் இருக்கும். ஐந்து பத்துக்கு உள்ளே நுழைந்தபோது அவள் காப்பியோடு நின்றாள். குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"ஏனுங்க, ஒன்னு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"சித்த வெளிய போயிட்டு வர்றீங்களா?"

"எங்க?"

"எங்காச்சும். கடவீதிப் பக்கம். டேசன் பக்கம்." தம்ளரை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். "பொழுது உழுந்ததுக்கு அப்பறம் வந்தாப் போதுமுங்க. தெனமும்."

பணிவாகத்தான் கேட்டாள். அந்தத் 'தெனமும்' என்பதைச் சொல்ல அவளுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று யோசித்தேன். அவள் கேட்டு நான் செய்யாமல் விட்டவை எத்தனையோ உண்டு. இதையாவது செய்யலாம் என்று சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே, குதிரை வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கை நடுக்கத்துக்காக இன்ஜினை விட்டு இறக்கப்பட்ட டிரைவர் ஒருவர், ஓய்வு பெற்ற தந்தி குமாஸ்தா ஒருவர், டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் ஒருவர். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. யுத்தத்தைப் பற்றிப் பேசினோம். ஜப்பான்காரன் எந்த வழியாக வருவான் என்று தந்தி குமாஸ்தாவுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இருட்டியதும் நாலு பேரும் எழுந்து நாலு பக்கம் போனோம்.

இரண்டு வருஷமாக அப்படியே நடக்கிறது. இடையில் ஒரு நாள் மழை வரும்போல இருந்ததால் முன்னதாகவே திரும்பினேன். வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தபோது உள்ளே அவள் குரல். படிக்கவில்லை, எதையோ தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டையைக் கனைத்துவிட்டு, ஓர் ஆண்பிள்ளைக் குரலில் கரகரவென்று ஏதோ பேசிக் காட்டினாள். உடனே கொல்லென்று சிரிப்பு. அவள் சிரிப்பும் அதில் இருந்தது. மூச்சு வாங்க, நிறுத்த முடியாமல், தரையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நான் ஸ்டேஷனில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். இந்தச் சிரிப்பில் கால்வாசிகூட என் பேச்சுக்கு அவளிடமிருந்து வந்ததில்லை. கதவைத் தள்ளினால் அது நின்றுவிடும். தூறல் விழத் தொடங்கியது. லைனின் மறுமுனை வரை போய்த் திரும்பினேன்.

பொழுது விழுந்த பிறகு உள்ளே போனேன். சட்டை நனைந்திருந்தது. துண்டு எடுத்துக் கொடுத்தாள். சாப்பிடும்போது கேட்டேன்.

"இன்னைக்கி என்ன அப்படிச் சிரிப்பு?"

"ஒன்னுமில்லீங்க" என்று ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். "பொம்பளைங்க பேச்சு."